பெல்ஜியத்துல இருந்து பீர் வேண்டாம், 'பாப்' வரட்டும்: ஏற்காடு போறவங்களுக்கு ஒரு த்ரெட்

1/
ரெண்டு நாள் லீவு சேர்ந்தாப்ல வந்தா நம்ம வாட்ஸ்அப் குரூப்ல முதல் மெசேஜ் "ஏற்காடு போலாமா?" ரெண்டாவது "ரூம் போட்டாச்சா?" மூணாவது "சரக்கு சேலத்துலயே வாங்கிடலாமா, மேல போய் வாங்கிக்கலாமா?" ஏரி, அருவி, கோயில் எல்லாம் பத்தாவது மெசேஜுக்கு மேலதான் வரும். அந்த மூணாவது மெசேஜ் பத்திதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். முழுசாப் படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

2/
முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள்னு உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லயே வகைப்படுத்திடுச்சு. "இவ்வளவு குடிச்சா பாதுகாப்பு"னு ஒரு அளவே கிடையாதுன்னு 2023 ஜனவரியில உலக சுகாதார அமைப்பு அறிக்கை விட்டுச்சு. ஒரு டாக்டரா என் நிலைப்பாடும் அதுதான். ஆனா இதெல்லாம் தெரிஞ்சும் டூர் போனா குடிக்கிறவங்க குடிக்கத்தான் போறாங்க. அவங்களை விட்டுட்டு குடிக்காதவங்ககிட்ட மட்டும் பேசி என்ன ஆகப்போகுது?

3/
போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸ்ல கேட்டார். "டாக்டர், வெளிநாட்டுல இருக்கிற என் ஃப்ரெண்டு குடும்பத்தோட பெல்ஜியம் கடற்கரைக்கு டூர் போறான். ஒவ்வொரு ஊருக்கும் எதைப் பார்க்கணும், எதைச் சாப்பிடணும், எந்த பீர் குடிக்கணும்னு பிளான் போட்டிருக்கான். அங்க அது கலாச்சாரம். இங்க நாங்க ஏற்காட்டுக்கு நாலு பாட்டில் எடுத்துட்டுப் போனா மட்டும் ஏன் எல்லாரும் அட்வைஸ் பண்றீங்க?"

நியாயமான கேள்வி. நேர்மையா பதில் சொல்லணும்.

4/
பெல்ஜியத்துல பீர் பெரிய விஷயம்தான். அந்த நாட்டு பீர் கலாச்சாரத்தை 2016ல யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்துச்சு. ஒவ்வொரு பீருக்கும் தனி கிளாஸ். பெரும்பாலும் 250 அல்லது 330 மில்லி. பக்கத்துல கடல்ல பிடிச்ச சாம்பல் நிறக் குட்டி இறாலோ, உருளைக்கிழங்கு வறுவலோ இருக்கும். உட்கார்ந்து, பேசிக்கிட்டு, மெதுவா குடிப்பாங்க. நம்ம ஊர் மாதிரி கடை மூடறதுக்குள்ள வாங்கி, நின்னுக்கிட்டே ஒரே மூச்சுல கவுக்கிறது இல்லை.

5/
ஆனா தம்பி கவனிக்காத ஒண்ணு இருக்கு. பெல்ஜியம் கடற்கரை முழுக்க ஒரு டிராம் ஓடுது. பிரான்ஸ் எல்லை பக்கத்துல டி பன்னே, நெதர்லாந்து எல்லை பக்கத்துல க்னோக்கே. நடுவுல சுமார் 67 கிலோமீட்டர். கடலை ஒட்டின ஊர் எல்லாத்தையும் அந்த ஒரே தடம் கோத்துடுது. முதல் பகுதி 1885லயே ஓட ஆரம்பிச்சது. ஓஸ்டெண்ட்ல ஒரு கிளாஸ் குடிச்சவர் டிராம் ஏறி ஹோட்டல் வாசல்ல இறங்கலாம். அவர் கையில ஸ்டீயரிங் இல்லை. தரையும் சமதரை.

6/
இப்ப நம்ம ஏற்காடு. சேலம் டவுன்ல இருந்து சுமார் 30 கிலோமீட்டர். உயரம் கடல்மட்டத்துல இருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர். நடுவுல 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இன்ஜின் கஷ்டப்படும். இறங்கும்போது பிரேக் கஷ்டப்படும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். மழை பெய்தா வழுக்கும், பனி இறங்கினா எதிர்ல வர்ற வண்டி தெரியாது. டிராம் கிடையாது.

7/
2024 ஏப்ரல் 30 அன்னைக்கு ஏற்காட்டுல இருந்து சேலத்துக்கு இறங்கின தனியார் பஸ் ஒண்ணு கொண்டை ஊசி வளைவுல கவிழ்ந்து உயிர்கள் போச்சு, பல பேருக்குக் காயம். ஞாபகம் இருக்கும். அந்த விபத்துக்கும் மதுவுக்கும் நான் முடிச்சுப் போடலை. இந்தப் பாதையில ஒரு சின்ன பிசகுக்கு என்ன விலைன்னு சொல்லத்தான் எடுத்தேன். தெளிவா இருக்கிறவங்களுக்கே இந்த ரோடு அப்படின்னா, ரெண்டு பாட்டில் உள்ள போனவருக்கு?

8/
வாங்க, கணக்குப் போடுவோம்.
650 மில்லி பீர், 5 சதவீதம் ஆல்கஹால்: சுத்த ஆல்கஹால் சுமார் 25 கிராம்.
அதே பாட்டில் 'ஸ்ட்ராங்', 7.5 சதவீதம்: சுமார் 38 கிராம்.
பெல்ஜியம் ஸ்ட்ராங் வகை, 330 மில்லி, 9 சதவீதம்: சுமார் 23 கிராம்.

அதாவது அந்தக் குட்டி பெல்ஜியம் பாட்டில் ஒண்ணு, நம்ம ஊர் பெரிய பாட்டில் சாதா பீர் ஒண்ணுக்கு ஏறக்குறைய சமம். "சின்ன பாட்டில்தானே"னு எலைட் கடையில ரெண்டு மூணு எடுக்கிறவங்க லேபிள்ல சதவீதத்தைப் படிங்க.

9/
70 கிலோ எடையுள்ள ஆண் ஒருத்தர் ஒரு சாதா பீர் பாட்டிலை மடமடன்னு குடிச்சா, ரத்தத்துல 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் அளவுக்கு ஆல்கஹால் ஏறலாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185 சொல்ற வரம்பு 30. ஒரே பாட்டில்லயே வரம்பு தாண்டியாச்சு. பெல்ஜியத்துல வரம்பு 50. "அங்கெல்லாம் ஜாலியா விட்டுடுவாங்க"னு நினைக்கிறவங்களுக்காகச் சொல்றேன், அங்கயும் மாட்டினா மாட்டினதுதான்.

இது தோராயக் கணக்கு. எடை, வயிற்றுல சாப்பாடு, ஆணா பெண்ணான்னு எல்லாத்தையும் பொறுத்து மாறும். இதை வெச்சு "எனக்கு ஒண்ணு ஓகே"னு முடிவு பண்ணாதீங்க.

10/
எனக்கு அதிக பயம் ராத்திரி பத்தி இல்லை. ஞாயிறு காலை பத்தி.

சனி ராத்திரி 7 மணிக்கு ஆரம்பிச்சு 11 மணிக்குள்ள 3 ஸ்ட்ராங் பீர். முடிக்கும்போது ரத்தத்துல சுமார் 180 இருக்கலாம். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு குறைக்கிறது சராசரியா 15. காலை 7 மணிக்கு எழுந்து பல் தேய்க்கும்போது இன்னும் 60 இருக்கும். சட்ட வரம்புக்கு ரெண்டு மடங்கு. 8 மணிக்கு செக்-அவுட் பண்ணி, பின்சீட்டுல குழந்தைகளை உட்கார வெச்சு, 20 வளைவு இறங்கப் போறவர் தன்னை 'தெளிஞ்சவர்'னு நினைச்சுக்கிட்டு இருப்பார்.

11/
"காபி குடிச்சேன், தெளிஞ்சிடுச்சு."
இல்லை. காபி தூக்கத்தைக் கலைக்கும். ஆல்கஹாலைக் குறைக்காது. முன்னாடி தூக்கம் வர்ற குடிகாரர், இப்ப முழிச்சிருக்கிற குடிகாரர். அவ்வளவுதான் வித்தியாசம்.

"அருவியில குளிச்சேன்." இல்லை.
"எலுமிச்சை, மோர்." இல்லை.
"வாந்தி எடுத்துட்டேன்." ரத்தத்துக்குப் போனது போனதுதான்.
நேரம் ஒண்ணுதான் மருந்து. அதை வேகப்படுத்த எங்ககிட்டயும் ஊசி கிடையாது.

12/
"மேல குளிரும் டாக்டர், ரெண்டு ரவுண்டு போட்டாதான் சூடு." இதுவும் உடம்பு நம்மை ஏமாத்துறது. மது தோலுக்கு அடியில இருக்கிற ரத்தக்குழாய்களை விரிக்கும். தோல் சூடாத் தெரியும். அதே வழியா உடம்போட உள் சூடு வெளிய போயிடும். குளிருக்கு ஸ்வெட்டர், குல்லா, சூடான சாப்பாடு. இது மூணும் வேலை செய்யும்.

13/
கேஷுவாலிட்டியில வேலை பார்த்த எந்த டாக்டரைக் கேட்டாலும் இதைச் சொல்வாங்க. போதையில கீழ விழுந்தவரை "தூங்கினா சரியாயிடும்"னு ரூம்ல படுக்க வெச்சிட்டு, காலையில எழுப்பினா எழலைன்னு தூக்கிட்டு வருவாங்க. வாசனை மதுன்னு காட்டும். மண்டைக்குள்ள ரத்தம் கசியுறதை அந்த வாசனை மறைச்சிடும்.

தலையில அடிபட்டவர் எழுப்பினா எழலை, திரும்பத் திரும்ப வாந்தி, ரெண்டு கண் பாப்பாவும் வேற வேற அளவு, வலிப்பு, கை கால் ஒரு பக்கம் தளர்ச்சி. இதுல ஒண்ணு இருந்தாலும் 108. "போதை இறங்கட்டும்"னு காத்திருக்காதீங்க.

14/
அந்த 108 எங்க போகும்? தலையில பெரிய காயம்னா சேலத்துக்குத்தான் இறக்கணும். அதே 20 வளைவு. ஆம்புலன்ஸுக்குன்னு தனி ரோடு கிடையாது. சீசன் ஞாயித்துக்கிழமை அந்த ரோட்டுல வண்டி எப்படி நிக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். டவுன்ல அடிபட்டா பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி. மலையில அந்த நிமிஷங்கள் நம்ம கையில இல்லை. அதனாலதான் மலைக்குத் தனிச் சட்டம் மாதிரி பேசறேன்.

15/
மாத்திரை சாப்பிடுறவங்க தனியா கவனிங்க.
சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் சாப்பிடாம குடிச்சா சர்க்கரை ஆபத்தா இறங்கலாம். உளறுவார், வேர்க்கும், தள்ளாடுவார். கூட இருக்கிறவங்க "ஏறிடுச்சு"ன்னு சிரிப்பாங்க.
வளைவு ரோட்டுக்கு வாந்தி மாத்திரை போட்டவங்களுக்கு அதுவே தூக்கம் தரும். மேல மதுவும் சேர்ந்தா ரெண்டு மடங்கு மயக்கம்.
தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை எடுக்கிறவங்களுக்கு மது வேண்டவே வேண்டாம்.

16/
சரி, தலைப்புக்கு வர்றேன். பெல்ஜியத்துக்காரங்க பீரை மட்டும் கொண்டாடிட்டு உட்காரலை. குடிச்சுட்டு ஓட்டி ஜனங்க சாகுறதைப் பார்த்து 1995ல ஒரு பிரச்சாரம் தொடங்கினாங்க. பேர் 'பாப்'. சாலைப் பாதுகாப்பு நிறுவனமும் பீர் தயாரிப்பாளர்கள் தரப்பும் சேர்ந்தே ஆரம்பிச்சது. பாப்னா யாரு? அன்னைக்கு ஒரு சொட்டு கூட குடிக்காம எல்லாரையும் பத்திரமா வீட்ல விடுறவர். அவ்வளவு எளிமை. அப்புறம் ஐரோப்பாவுல பல நாடுகள் அதை எடுத்துக்கிச்சு.

17/
அதுல எனக்குப் பிடிச்சது, "குடிக்காதே"னு திட்டலை. "இன்னைக்கு பாப் யாரு?"னு ஒரு கேள்வியை முன்கூட்டியே கேட்க வெச்சாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி. முதல் கிளாஸுக்கு முன்னாடி. ஏன்னா மூணாவது கிளாஸுக்கு அப்புறம் கேட்டா எல்லாருமே "நான் ஓட்டுறேன் மச்சி"ம்பாங்க. மது முதல்ல கெடுக்கிறது கை காலை இல்லை. "எனக்கு ஒண்ணும் ஆகலை"ங்கிற முடிவை எடுக்கிற மூளைப் பகுதியை.

தம்பிக்கு என் பதில் இதுதான்: பெல்ஜியத்துல இருந்து எதையாவது எடுத்துக்கணும்னா பாட்டிலை விட்டுட்டு பாப்பை எடுத்துக்கோங்க.

18/
நம்ம டூர்ல பாப் ஏற்கெனவே இருக்கார். வேன் டிரைவர் அண்ணன். அவரை நாம எப்படி நடத்துறோம்? நமக்கு ரூம், கம்பளி, கேம்ப் ஃபயர். அவருக்கு வண்டி சீட்டு. குளிர்ல அரைத்தூக்கம். நடுராத்திரி பாசம் பொங்கி "அண்ணே, ஒரே ஒரு ரவுண்டு, எங்களுக்காக"னு கிளாஸை நீட்டுறது. அவர் வேண்டாம்னா "என்னண்ணே கோச்சுக்கிட்டீங்களா?" காலையில நம்ம மொத்தக் குடும்பத்தோட உயிர் அவர் வலது கால்ல இருக்கு.

19/
அதனால பட்ஜெட்ல ஒரு வரி சேருங்க: டிரைவருக்கு படுக்கை, போர்வை, ராத்திரி சூடா சாப்பாடு, ஆறேழு மணி நேரத் தூக்கம். தூக்கம் இல்லாத டிரைவரும் குடிச்ச டிரைவரும் வளைவுல கிட்டத்தட்ட ஒரே ஆள்தான். ரூம் எடுக்கும்போதே "டிரைவருக்குத் தங்க இடம் இருக்கா?"னு கேளுங்க. நிறைய பேர் கேட்டாத்தான் லாட்ஜ்காரங்களும் ஏற்பாடு பண்ணுவாங்க. சொந்த வண்டின்னா குரூப்லயே பாப் யாருன்னு பேர் போடுங்க. அண்ணியோ அக்காவோ நல்லா ஓட்டுவாங்கன்னா சாவி அவங்ககிட்ட போகட்டும்.

20/
இப்ப என் பிளான். சனி காலை வெயில் ஏறுறதுக்கு முன்னாடி சேலம் அடிவாரம். வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறாதீங்க, வெறும் வயிறும் வேண்டாம். ரெண்டு இட்லி போதும். வாந்தி வர்ற குழந்தை போனைப் பார்க்காம தூரத்துல ரோட்டைப் பார்க்கட்டும். மேல போனதும் ஏரி, படகு. அப்புறம் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தோட ஆர்க்கிட் தோட்டம். ஏரிக்கரையில செல்ஃபி எடுத்துட்டுத் திரும்புறவங்க பாதிப் பேர் இதைப் பார்க்கிறதே இல்லை.

21/
சாயங்காலம் லேடீஸ் சீட். இருட்ட இருட்ட கீழ சேலம் டவுன் லைட் ஒவ்வொண்ணா எரியறதைப் பார்த்துட்டே உட்காருங்க. ஞாயிறு காலை பகோடா பாயிண்ட், அப்புறம் சேர்வராயன் கோயில். மலையோட உச்சி, 5,326 அடி. குகைக்குள்ள சாமி. அது இந்த மலையில தலைமுறை தலைமுறையா வாழ்ற மலையாளிப் பழங்குடி மக்களோட தெய்வம். அவங்க வீடு, அவங்க பிள்ளைங்க நடக்கிற ரோடு. நாம விருந்தாளி.
கிளியூர் அருவி மழைக்கு அப்புறம் அழகு. முட்டிவலி, இதய நோய் இருக்கிறவங்க இறங்கி ஏறணும்கிறதை யோசிச்சுட்டுப் போங்க. குடிச்சுட்டு வழுக்குப் பாறை பக்கமே போகாதீங்க.

22/
சாப்பாடு. சேலம் தாண்டும்போது தட்டுவடை செட் சாப்பிடாம வராதீங்க. ஏப்ரல், மேன்னா மாம்பழம். மேல ஏரி பக்கத்துல சூடா மிளகாய் பஜ்ஜி, எண்ணெய்ல இருந்து நேரா இலைக்கு வர்றதா வாங்குங்க. ஈ மொய்க்க அறுத்து வெச்ச பழம் வேண்டாம், முழுப் பழமா வாங்கி நீங்களே கழுவி வெட்டுங்க. பலா, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட் எல்லாம் அந்தந்த சீசன்ல. திரும்பும்போது மிளகும் காபித்தூளும்.

23/
காபின்னதும் ஒரு சேதி. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் இங்க காபி பயிரைக் கொண்டுவந்தார். ரெண்டு நூற்றாண்டா இந்த மலையோட சொந்த பானம் அதுதான். எஸ்டேட் நிழல், மரத்துல சுத்தி ஏறின மிளகுக் கொடி, கையில டவரா டம்ளர். பெல்ஜியத்துக்காரர் தன் ஊர் பீரைப் பத்திப் பேசற பெருமையோட நாம ஏற்காடு காபியைப் பத்திப் பேசலாம். அதைக் குடிச்சுட்டு வண்டியும் ஓட்டலாம்.

24/
சேலத்துக்கு மதுவோட இன்னொரு சரித்திரமும் இருக்கு. 1937 அக்டோபர் 1, ராஜாஜி அரசு சென்னை மாகாணத்துல மதுவிலக்கை முதல்ல கொண்டுவந்தது சேலம் மாவட்டத்துலதான். 2003ல இருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில. ரெண்டு காலத்தையும் பார்த்த ஊர் இது. நான் இப்ப மதுவிலக்கு கேட்கலை. நான் கேட்கிறது சின்ன விஷயம்: சீசன்ல ஞாயிறு காலையில இறங்குற பாதையின் தலைமாட்டுல ஊதிப் பார்க்கிற கருவியோட போலீஸ். சனி ராத்திரி டவுன்ல பிடிக்கிறதை விட அது அதிக உயிரைக் காப்பாத்தும். கூடவே வார இறுதி தோறும் ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில்னு சுத்தி வர மினி பஸ். அதுதான் நம்ம டிராம்.

25/
அப்படியும் குடிப்பேன்னா, ஆறே ஆறு விதி.
ஒண்ணு, அன்னைக்கு ஊர் சுத்தி முடிச்சு, வண்டி நின்னு, சாவி பாப் கைக்குப் போன பிறகுதான்.
ரெண்டு, சாப்பாட்டோட. தண்ணி கூடவே.
மூணு, ராத்திரி 9 மணிக்கு மேல அடுத்த கிளாஸ் இல்லை.
நாலு, அருவி, ஏரி, வியூ பாயிண்ட்ல கிடையாது.
அஞ்சு, காலி பாட்டில் ரூம் குப்பைத்தொட்டிக்கு. பாறையில உடைச்சா அடுத்து வர்ற குழந்தையோட பாதம், எஸ்டேட்டுல வேலைக்குப் போற அம்மாவோட பாதம். காட்டு விலங்குகளோட காலும்தான். நீலகிரியில பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, காலியைத் திருப்பினா கொடுக்கிற திட்டம் 2022ல வந்ததே இதனாலதான்.
ஆறு, மறுநாள் ஓட்டுறவர் முந்தின நாளும் குடிக்கக் கூடாது.

26/
இறங்கும்போது: எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்க. நியூட்ரல்ல விடாதீங்க. பிரேக்கை மிதிச்சுட்டே வந்தா சூடாகி பிடிக்காமப் போகும். ஏறுற வண்டிக்கு வழி விடுங்க. கருகின வாசனை வந்தா அகலமான இடத்துல ஓரமா நிறுத்தி ஆற விடுங்க. குப்பனூர் வழியா இன்னொரு பாதையும் இருக்கு. சீசன்ல போக்குவரத்தை ஒரு பாதையில ஏத்தி இன்னொண்ணுல இறக்குவாங்க. போலீஸ் சொல்றதைக் கேளுங்க.

27/
கடைசியா ஒண்ணு. குடும்ப டூர்னு கூட்டிட்டுப் போய், ஆம்பளைங்க ஒரு ரூம்ல பாட்டிலோட உட்கார்ந்து, அம்மாவும் பிள்ளைங்களும் இன்னொரு ரூம்ல டிவி பார்க்கிறது நிறைய வீட்ல நடக்குது. அந்தப் பிள்ளைங்க ஏற்காடுன்னா என்னத்தை ஞாபகம் வெச்சிருப்பாங்க?

இந்த வாரம் ஏற்காடு பிளான் போட்டிருக்கிற குரூப்ல இதை ஷேர் பண்ணுங்க. ரூம் புக் ஆச்சான்னு கேட்கிறதுக்கு முன்னாடி "பாப் யாரு?"னு கேளுங்க. பேர் வந்த பிறகு கிளம்புங்க. போயிட்டு வந்து போட்டோ போடுங்க, பார்க்கிறேன்.